அகதிகள் எழுப்பிய துறைமுக நகரம்

ஈஜியன் கடலிலே, கிரேக்க நாட்டின் சைக்கிளேட்ஸ் தீவுக் கூட்டத்தின் நடுவே, சீரோஸ் என்றொரு சிறு தீவு உளது. அதன் துறைமுகத்தைக் கப்பலில் அணுகுவோர் இரு குன்றுகளையும், அவற்றின் சரிவுகளில் அடுக்கடுக்காய் அமைந்த வீடுகளையும் காண்பர். ஒரு குன்றின் மேல் கத்தோலிக்க மக்களின் பழைய ஊரான ஆனோ சீரோஸ் விளங்குகின்றது. கீழே, கரையோரமாகப் பரந்து கிடப்பது ஹேர்மூப்போலி நகரம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்நகரம் இருந்ததேயில்லை என்றால் வாசகர் வியப்புறுவர்.

1821ஆம் ஆண்டிலே துருக்கியர் ஆட்சிக்கு எதிராகக் கிரேக்க விடுதலைப் போர் மூண்டது. 1822இல் கியோஸ் தீவும், 1824இல் பிசாராத் தீவும் அழிக்கப்பட்டன. உயிர் தப்பியோர் பலர் சீரோஸ் கரையை அடைந்தனர். அங்கு வாழ்ந்த கத்தோலிக்கர் பிரான்சின் பாதுகாப்பைப் பெற்றிருந்தமையால், போர்த்தீ அத்தீவைத் தீண்டவில்லை.

வந்தோரிடம் வீடும் நிலமும் இல்லை. வணிகமும் கப்பலோட்டும் கலையுமே அவர்தம் முதல். 1826இல் தமது குடியிருப்புக்கு வணிகத் தெய்வமாகிய ஹேர்மீஸின் பெயரைச் சூட்டினர். துறைமுக வாயிலிலுள்ள சிறு தீவில் 1834இல் வெளிச்சவீடு எழுந்தது. 1861இல் நியோரியன் கப்பற்றளம் தோன்றியது. கப்பல் உரிமையாளரும் தலைவர்களும் கடலோரமாக மாளிகைகள் அமைத்த பகுதி, ‘கப்பல்கள்’ எனப் பொருள்படும் வப்போரியா என்னும் பெயரைப் பெற்றது. மாலுமிகளின் காவலராகிய புனித நிக்கலசுக்கு அங்கே கோவில் எடுத்தனர். பொருளோடு கலையையும் போற்றிய அம்மக்கள் 1864இல் அப்பொலோ நாடகசாலையைத் திறந்தனர். 1876இல் சில்லர் என்னும் கட்டடச் சிற்பியின் திட்டப்படி நகர மண்டப வேலை தொடங்கியது.

எனினும் காலம் மாறிற்று. பாய்க்கப்பல்களின் இடத்தை நீராவிக் கப்பல்கள் பிடித்தன. பிரேயஸ் துறைமுகம் வளர்ந்தது. 1893இல் கொரிந்துக் கால்வாயும் திறக்கப்பட்டது. சீரோஸின் கடல் வணிகம் தளர்ந்தது. ஆயினும் நகரம் அழிந்துவிடவில்லை. இன்று அது தென் ஈஜியன் பிராந்தியத்தின் தலைநகராக விளங்குகின்றது.

பிசாரா அகதிகள் எழுப்பிய மாதா கோவிலிலே பழைய திருவோவியம் ஒன்று நெடுங்காலம் இருந்துவந்தது. 1983இல் அதிலே கையொப்பம் ஒன்று கண்டறியப்பட்டது. அவ்வோவியம், கிரீட் தீவிற் பிறந்து ஸ்பெயினிற் புகழ்பெற்ற எல் கிரேக்கோவின் கைவண்ணம் என அப்போது தெரியவந்தது! பிசாராவிலிருந்து தப்பி வந்தோர் அதனைத் தம்முடன் கொணர்ந்தனர் என்பது அறிஞர் கருத்து.

எரியும் ஊரை விட்டு ஓடுபவர் எதனை எடுத்துச் செல்வர்? தம் நம்பிக்கையையும் தொழிலறிவையுமே அம்மக்கள் கைவிடாது காத்தனர். மாளிகைகளினும் மண்டபங்களினும் நாம் போற்றத்தக்க செல்வம் அதுவேயன்றோ?