சில்லறைக் காசில் வளர்ந்த சந்தை

ஒரே ஆண்டில் பிறந்த இரு நாடுகள் – 7

சென்ற வாரம் செம்பனையோடு நிறுத்தியிருந்தேன். மேற்கு ஆப்பிரிக்காவில் தோன்றிய அந்த மரம் ஜொகூரின் முகத்தையே மாற்றியது. 1981-இல் கேமரூனிலிருந்து கொண்டுவரப்பட்ட சின்னஞ்சிறு வண்டு ஒன்றைக் குளுவாங் வட்டாரத்துத் தோட்டத்தில் விட்டார்கள். அதுவரை செம்பனைப் பூவுக்குப் பூ கையால் மகரந்தம் தூவிவந்த பெண்களின் வேலையை அந்த வண்டு எடுத்துக்கொண்டது. இந்த வாரம் எதிர்த்திசையில் போவோம். மலேசியாவிலிருந்து கானாவுக்குப் போன ஒரு தொழிலைப் பார்ப்போம். அது தொலைபேசித் தொழில்.

கானாவுக்கு 1957 மார்ச் 6-இல் விடுதலை. மலாயாவுக்கு அதே ஆண்டு ஆகஸ்டு 31-இல். இரண்டையும் ஆண்டது பிரிட்டன்தான். அங்கே கொக்கோ, இங்கே ரப்பர். நாற்பது ஆண்டுகள் கழித்து, 1990-களின் நடுவில், மலேசியாவில் நூறு பேருக்குப் பதினைந்துக்கு மேற்பட்ட தொலைபேசி இணைப்புகள் இருந்தன. கானாவில் நூறு பேருக்கு ஒன்றுகூட இல்லை. இருந்தவற்றிலும் பெரும்பகுதி தலைநகர் அக்ராவுக்குள் அடங்கிவிட்டது.

நாம் முன்னே போனதற்குக் காரணம் உண்டு. 1987 ஜனவரி 1-இல் அரசாங்கத்தின் தொலைத்தொடர்பு இலாகா ஒரு நிறுவனமாக மாற்றப்பட்டது. 1990-இல் அது பங்குச் சந்தைக்கு வந்தது. இன்று நாம் டெலிகோம் மலேசியா என்று சொல்வது அதைத்தான். அதற்கும் முன்பே, 1985-இல், ‘அத்தூர்’ என்ற கம்பியில்லாச் சேவை தொடங்கிவிட்டது. கருவியின் விலை பல ஆயிரம் வெள்ளி; காரில் பொருத்திக்கொண்டு போகிறவர்களுக்கான சேவை அது. பிறகு செல்கோம் வந்தது. 1995-இல் மட்டும் முத்தியாரா, மெக்சிஸ் என்று இரண்டு நிறுவனங்கள் மின்னிலக்கக் கைப்பேசிச் சேவையைத் தொடங்கின. முத்தியாராதான் பின்னாளில் டிஜி ஆனது. மெக்சிஸை நிறுவிய ஆனந்தகிருஷ்ணன் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் பிறந்தவர், இலங்கைத் தமிழ் வம்சாவளியினர். 2024 நவம்பரில் அவர் மறைந்தபோது வந்த இரங்கல் செய்திகள் இரட்டைக் கோபுரத்தைப் பற்றியும் செயற்கைக்கோளைப் பற்றியும் நிறையப் பேசின. மெக்சிஸின் ஹாட்லிங்க் முன்கட்டணச் சீட்டைப் பற்றிப் பேசியவர் குறைவு. சாதாரண மனிதரின் வாழ்க்கையைத் தொட்டது அந்தச் சீட்டுதான் என்பது என் எண்ணம்.

நூறு பேருக்குப் பதினைந்து என்ற சராசரி ஜொகூர்த் தோட்டங்களில் எப்படி இருந்தது தெரியுமா? தோட்டத்துக்கு ஒரு தொலைபேசி. அது ஆபீசில், கிராணியின் மேசைமேல் இருக்கும். சிகாமட்டிலோ லாபிஸிலோ ஒருவர் இறந்துவிட்டால், செய்தி முதலில் கிராணியின் காதுக்கு வரும். அவர் ஒரு பையனை லயத்துக்கு அனுப்புவார். பையன் ஓடிவந்து வாசலில் நின்றாலே வீட்டுப் பெண்களுக்கு அடிவயிறு கலங்கிவிடும், ஏனென்றால் நல்ல செய்திக்கு யாரும் ஆபீசுக்குப் போன் போடுவதில்லை. மாலை நான்கு மணிக்கு மேல் ஆபீஸ் பூட்டிவிட்டால் மறுநாள் காலைவரை அந்தத் தோட்டம் உலகத்தோடு தொடர்பற்றுக் கிடக்கும். சாவுக்குப் போய்ச் சேர முடியாமல், எட்டாம் நாள் காரியத்துக்கு மட்டும் போய் நின்றவர்கள் நம் குடும்பங்களில் எத்தனையோ பேர்.

வீட்டுக்கே தொலைபேசி வைத்துக்கொண்டிருக்கலாமே என்று இன்றைய பிள்ளைகள் கேட்பார்கள். லயத்து வீடு கம்பெனிக்குச் சொந்தம். அதற்குள் கம்பி இழுப்பதைத் தொழிலாளி தானாக முடிவு செய்ய முடியாது. வைப்புத்தொகை கட்ட வேண்டும். மாதக் கடைசியில் பில் வரும். மழைக்காலத்தில் பால் வெட்டு நின்று சம்பளம் குறைந்தாலும் பில் குறையாது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, மக்கள் மாசாய், ஸ்கூடாய், பாசீர் கூடாங் என்று பெயர்ந்த காலத்தில் பலருக்கு நிலையான முகவரியே இல்லை. நிலத்தொலைபேசிக்கு வீடு வேண்டும், முகவரி வேண்டும், மாதச் சம்பளம் வேண்டும். மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் அந்த ஆள் வாடிக்கையாளர் ஆவதில்லை.

இந்தப் பின்னணியோடு கானாவைப் பார்க்க வேண்டும்.

1990-களில் டெலிகோம் மலேசியா கடல்கடந்து முதலீடு செய்யக் கிளம்பியது. தென்னுலக நாடுகள் ஒன்றுக்கொன்று தோள்கொடுக்க வேண்டும் என்று மகாதீர் பேசிக்கொண்டிருந்த காலம். 1995-இல் தொடங்கிய லங்காவி அனைத்துலகக் கலந்துரையாடலுக்கு ஆப்பிரிக்கத் தலைவர்கள் வந்து போனார்கள். இலங்கையில் இன்று டயலொக் என்று அறியப்படும் நிறுவனம், மலாவி, கினி, தென்னாப்பிரிக்கா என்று டெலிகோமின் முதலீடுகள் பரவின. 1997-இல் அது தலைமை தாங்கிய கூட்டமைப்பு, கானா அரசின் தொலைபேசி நிறுவனமான கானா டெலிகாமின் 30 விழுக்காட்டுப் பங்கை 38 மில்லியன் அமெரிக்க டாலருக்கு வாங்கி, நிர்வாகத்தையும் கையில் எடுத்தது.

ஐந்தாண்டு ஒப்பந்தம். குறிப்பிட்ட எண்ணிக்கையில் புதிய இணைப்புகள் கொடுக்க வேண்டும் என்பது அதன் சாரம். இணைப்புகள் கூடத்தான் செய்தன. ஆனால் இலக்கு எட்டப்படவில்லை என்றது அக்ரா. 2001-இல் ஜெரி ராலிங்ஸ் போய் ஜான் குஃபோர் அதிபரானார். 2002-இல் ஒப்பந்தம் நீட்டிக்கப்படவில்லை. நிர்வாகம் நோர்வேக்காரர்களிடம் போனது. இதையொட்டி எழுந்த வழக்கு நடுவர் மன்றம்வரை போய், ஹேக் நகர நீதிமன்றத்திலும் எதிரொலித்து, கடைசியில் சமரசத்தில் முடிந்தது.

இதை மலேசியர்களின் தோல்வி என்று எழுதிவிட்டுப் போவது சுலபம். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒப்பந்தமே தவறான பொருளை அளந்தது. எத்தனை கம்பி என்று எண்ணியது. தென்னாப்பிரிக்காவிலும் இதே கதைதான். அங்கே டெல்காமின் 30 விழுக்காட்டை அமெரிக்காவின் எஸ்.பி.சி.யும் நம் டெலிகோமும் சேர்ந்து வாங்கின. கறுப்பின மக்களின் குடியிருப்புகளுக்கெல்லாம் கம்பி போனது. பில் கட்ட வழியில்லாமல் லட்சக்கணக்கான இணைப்புகள் துண்டிக்கப்பட்டன. அதே நாட்டில் 1996-இல் வோடகாம் அறிமுகப்படுத்திய முன்கட்டணச் சேவை பெருகிக்கொண்டே போனது.

கானாவின் குமாசிச் சந்தையில் தக்காளி விற்கும் பெண்ணிடம் காசு இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. அது தினம் வருகிறது, தினம் போகிறது. மாதக் கடைசிவரை தங்குவதில்லை, அவ்வளவுதான். நம் தோட்டத்துக் கடையில் ஐம்பது காசுக்குக் காப்பித்தூள் பொட்டலம் கட்டிக் கொடுத்தார்களே, அதுபோலப் பேச்சையும் பொட்டலம் கட்டி விற்றவர்களுக்குத்தான் கானாச் சந்தை திறந்தது.

மில்லிகாம் நிறுவனம் அங்கே 1992-லேயே கைப்பேசிச் சேவையைத் தொடங்கியிருந்தது. 1996-இல் ஸ்கேன்காம் நிறுவனத்தின் ஸ்பேஸ்ஃபோன் வந்தது. முதலில் பணக்காரர்களின் பொருளாகத்தான் இருந்தது. முன்கட்டணச் சீட்டு வந்ததும் நிலைமை மாறியது. கருவி வாங்க முடியாதவர்களுக்கும் வழி பிறந்தது. தெருவோரம் ஒரு மேசை, ஒரு குடை, ஒரு கைப்பேசி. பக்கத்தில் நின்று பேசிவிட்டு நிமிடக் கணக்கில் காசு கொடுத்துவிட்டுப் போகலாம். ‘ஸ்பேஸ் டு ஸ்பேஸ்’ என்று அந்த மேசைகளுக்குப் பெயர். படிப்பை முடித்து வேலை கிடைக்காத இளைஞர்களும் விதவைத் தாய்மார்களும் அந்தக் குடைகளின் கீழ் பிழைப்பு நடத்தினார்கள். அழைக்கிறவர்தான் கட்டணம் கட்ட வேண்டும், எடுக்கிறவருக்குச் செலவில்லை என்பதால், காசில்லாதவர்கள் ஒரு மணியடித்து வைத்துவிட்டுக் காத்திருந்தார்கள். இந்த வித்தையை ஜொகூர் பாருவில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. சிங்கப்பூரில் வேலை செய்யும் கணவனுக்கு மிஸ்டு கால் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்த மனைவிமார்களை நாம் அறிவோம்.

இங்கேயும் 1990-களின் கடைசியில் டிஜியும் ஹாட்லிங்கும் முன்கட்டணச் சேவையைக் கொண்டுவந்த பிறகே தோட்டத்துச் சட்டைப் பைகளுக்குள் கைப்பேசி புகுந்தது. 2000-ஆம் ஆண்டு வாக்கில் மலேசியாவில் கைப்பேசிகளின் எண்ணிக்கை நிலத்தொலைபேசிகளைத் தாண்டியது. கானாவிலோ நிலத்தொலைபேசி ஒருபோதும் பத்து லட்சத்தை எட்டியதில்லை. கைப்பேசிச் சந்தாக்கள் 2013 வாக்கில் மொத்த மக்கள் தொகையையே தாண்டிவிட்டன. ஒருவரே இரண்டு மூன்று சிம் வைத்துக்கொள்வதும் இந்தக் கணக்கில் சேர்த்தி என்பதை மறக்கக் கூடாது.

பணக் கணக்கையும் பார்த்துவிடுவோம். 1997-இல் 30 விழுக்காட்டுக்கு 38 மில்லியன் டாலர் என்றால், முழு நிறுவனத்தின் மதிப்பு ஏறத்தாழ 127 மில்லியன். 2008-இல் வோடஃபோன் அதே நிறுவனத்தின் 70 விழுக்காட்டுக்கு 900 மில்லியன் டாலர் கொடுத்தது. அதன்படி முழு மதிப்பு 1,285 மில்லியனுக்கு மேல். பதினோரு ஆண்டில் பத்து மடங்கு! இடையில் தொடங்கிய ‘ஒன்டச்’ கைப்பேசிப் பிரிவும், வோல்டா நதி ஆணையம் நாடெங்கும் போட்டிருந்த கண்ணாடி இழை வலையும் அந்த விலையில் அடக்கம். ஆக, விலையைக் கூட்டியது பழைய செப்புக் கம்பி அன்று.

ஸ்பேஸ்ஃபோன் பெயர் மாறி, கை மாறி, 2006-இல் தென்னாப்பிரிக்காவின் எம்.டி.என். வசம் போனது. 2009-இல் எம்.டி.என். கைப்பேசிவழிப் பணச் சேவையைத் தொடங்கியது. குடைக்குக் கீழே சீட்டு விற்றவர்களே பண முகவர்களாக மாறினார்கள். மஞ்சள் வண்ணம் பூசிய மரப்பெட்டிக் கடை, ஒரு கைப்பேசி, கோடு போட்ட நோட்டுப் புத்தகம். நகரத்தில் சுமை தூக்கும் மகள் பணத்தைக் கட்டுகிறாள். வடக்கே கிராமத்தில் தாய் அதே மாதிரி ஒரு பெட்டிக் கடையில் நோட்டாக வாங்கிக்கொள்கிறாள். வங்கிக் கிளை எட்டிப்பார்க்காத ஊர்களுக்கு இது பெரிய வரம். 2018 முதல் ஒரு நிறுவனத்திலிருந்து இன்னொரு நிறுவனத்துக்கும் பணம் அனுப்ப முடிந்தது.

சில்லறைக் காசு ஒன்றுசேர்ந்து பெருந்தொகை ஆனதும் எல்லோர் கண்ணும் அதன்மேல் விழும். 2022 மே மாதம் கானா அரசு மின்பரிமாற்றங்களுக்கு 1.5 விழுக்காடு வரி போட்டது. நாளொன்றுக்குக் கானா நாணயத்தில் நூறு சீடிக்கு மேல் அனுப்புகிறவர் கட்ட வேண்டும். நாடாளுமன்றத்தில் கைகலப்புவரை போன விவகாரம் அது. மக்களில் பலர் ரொக்கத்துக்கே திரும்பினார்கள். 2023-இல் ஒரு விழுக்காடாகக் குறைத்தார்கள். 2025 ஏப்ரலில் அதிபர் ஜான் மஹாமா கையெழுத்திட்டு அந்த வரியை ஒழித்தார். நமக்கும் இது புதிதல்ல. 2015 ஏப்ரலில் ஜிஎஸ்டி வந்தபோது பத்து வெள்ளிச் சீட்டுக்குப் பத்து வெள்ளி அறுபது காசு கொடுத்தோம். கூச்சல் எழுந்து, 2016-இல் மலேசியர்களுக்கு அந்த வரியைத் திருப்பித் தர வேண்டியதாயிற்று. பெரும் தொகைக்குச் சந்தா கட்டுகிறவரைவிட, ஐந்தும் பத்துமாக வாங்குகிறவர் நிமிடத்துக்கு அதிகம் கொடுக்கிறார் என்பதை எந்த நிதியமைச்சும் மறக்கலாகாது. அவர் தலையில்தான் வரியையும் முதலில் வைக்கிறார்கள். இது அநியாயம்.

சந்தை ஒரே கையில் குவிவதும் அங்கே நடந்தது. 2020-இல் எம்.டி.என்.னை மிகையான சந்தை வலிமை கொண்ட நிறுவனம் என்று கானாவின் தொலைத்தொடர்பு ஆணையம் அறிவித்தது. ஏர்டெல், மில்லிகாமின் டிகோ இரண்டும் 2017-இல் இணைந்தும் நிற்க முடியாமல் போகவே, இணைந்த நிறுவனத்தை அரசாங்கம் எடுத்துக்கொண்டது. வோடஃபோன் 2023-இல் டெலிசெல்லுக்கு விற்றுவிட்டுக் கிளம்பியது. நம் நாட்டிலும் 2022-இல் செல்கோமும் டிஜியும் ஒன்றாகிவிட்டன.

சந்தை தானாகப் போகாத இடங்கள் இரண்டு நாட்டிலும் உண்டு. மலேசியாவில் உரிமம் பெற்ற நிறுவனங்கள் தங்கள் கணக்கிடப்பட்ட வருமானத்தில் 6 விழுக்காட்டை அனைவர்க்கும் சேவை நிதிக்குக் கட்டுகின்றன. கானாவில் அதற்கு இணையான நிதிக்கு ஒரு விழுக்காடு. தோட்ட உட்புறங்களிலும் ஓராங் அஸ்லி கிராமங்களிலும் கோபுரம் எழும்புவது இந்தப் பணத்தில்தான். ஆனாலும் காஹாங் பக்கம் செம்பனைக் காட்டுக்குள் போனால் கைப்பேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மேடு தேடுகிறவர்களை இன்றும் பார்க்கலாம். குலை வெட்டும்போது அடிபட்டவருக்கு ஆம்புலன்ஸ் அழைக்க, மோட்டார் சைக்கிளில் பெரிய சாலைவரை வர வேண்டிய இடங்கள் இருக்கின்றன. அதே ஜொகூரில், கூலாய் அருகே செடெனாக்கில், உலகப் பெரு நிறுவனங்களின் தரவு மையங்கள் ஏக்கர் ஏக்கராக எழும்புகின்றன. ஆறு விழுக்காடு எங்கே, எந்த வரிசையில் செலவாகிறது என்று கேட்க, அந்த மேட்டில் நிற்கிறவருக்கு முழு உரிமை உண்டு.

2024 மார்ச் 14 அன்று ஐவரி கோஸ்ட் கரைக்கு அப்பால் நான்கு கடலடி வடங்கள் சேதமாயின. கானாவில் இணையம் பெருமளவு முடங்கியது. இத்தனை பெரிய சந்தையும் கடைசியில் தொங்குவது கடலுக்கடியில் ஓடும் சில வடங்களை நம்பித்தான். நம் மெர்சிங் கரையிலும் அப்படிப்பட்ட வடங்கள் ஏறுகின்றன. அவற்றில் ஒன்று ஆப்பிரிக்காவின் ஜிபூத்திவரை போய்ச் சேர்ந்தது. அதைப் பற்றி அடுத்த வாரம்.

(தொடரும்)