குற்றாலச் சாரலும் கரை ஒதுங்கிய கன்டெய்னரும்: நடுக்கடலில் டிராஃபிக் போலீஸ் யார்?

2025 மே 24. கேரளத்தில் தென்மேற்குப் பருவமழை தொடங்கிவிட்டதாக வானிலை ஆய்வு மையம் அறிவித்த நாள். 2009-க்குப் பிறகு இவ்வளவு சீக்கிரம் மழை வந்தது அதுதான் முதல்முறை. தென்காசிக்காரர்களுக்கு இந்தச் செய்திக்கு ஒரே அர்த்தம்தான்: சீசன். செங்கோட்டைக் கணவாய் வழியாகக் காற்று இறங்கும், சாரல் விழும், ஐந்தருவியில் கூட்டம் சேரும்.

அதே நாளில், மலைக்கு அந்தப் பக்கம், கொச்சிக்குத் தென்மேற்கே சுமார் 38 கடல் மைல் தூரத்தில் ஒரு கப்பல் சாயத் தொடங்கியது. பெயர் எம்எஸ்சி எல்சா 3. லைபீரியக் கொடி. விழிஞ்ஞத்திலிருந்து கொச்சிக்குப் போய்க்கொண்டிருந்தது. மறுநாள் மூழ்கியே விட்டது. கப்பலில் இருந்த 24 பேரையும் கடலோரக் காவல் படையும் கடற்படையும் காப்பாற்றிவிட்டன. ஆனால் 640 கன்டெய்னர்கள்?

குற்றாலத்துக்குச் சாரலைக் கொண்டுவரும் அதே காற்று, அவற்றில் சிலவற்றைக் கொல்லம் கரையில் கொண்டுவந்து போட்டது. மே 26 காலையில் கொல்லம் கடற்கரையில் கன்டெய்னர்கள் பாறைத் தடுப்புகளில் மோதிக் கிடந்தன. தென்காசியிலிருந்து ஆரியங்காவு வழியாகப் போனால் ஏறத்தாழ 100 கிலோமீட்டர்தான் கொல்லம்.

தென்காசி மாவட்டத்துக்குக் கடற்கரையே கிடையாது. அதனால் இது நம்ம பிரச்சினை இல்லைன்னு நினைக்கலாம். ஆனால் கரைக்குப் பக்கத்தில் எந்தக் கப்பல் எப்படிப் போகலாம் என்ற கேள்வி, கொல்லத்து மீன், குமரி மீனவர், நம்ம வீட்டு மீன்குழம்பு எல்லாத்தையும் தொடுகிற கேள்வி.

உள்ளே என்ன இருந்தது?

எல்சா 3-ல் 13 கன்டெய்னர்களில் அபாயகரமான சரக்கு. 12-ல் கால்சியம் கார்பைடு. வேறொன்றும் இல்லை, மாம்பழத்தைக் குறுக்குவழியில் பழுக்க வைக்கப் பயன்படுத்தி, அதிகாரிகள் ரெய்டு போகும்போது பிடிபடுமே, அதே கார்பைடு கல்தான். தண்ணீர் பட்டால் தீப்பிடிக்கக்கூடிய அசிட்டிலீன் வாயுவை வெளியிடும். இதுபோக கப்பலின் டேங்குகளில் 84.44 டன் டீசலும் 367.1 டன் ஃபர்னஸ் ஆயிலும்.

இன்னொரு சரக்கும் இருந்தது. ஜவ்வரிசி மாதிரி இருக்கும் பிளாஸ்டிக் குருணைகள். பிளாஸ்டிக் பொருட்கள் செய்வதற்கான மூலப்பொருள் இது. மூட்டை மூட்டையாக உடைந்து திருவனந்தபுரம் கரையிலும், பிறகு கன்னியாகுமரி மாவட்டக் கரையிலும் ஒதுங்கியது. எண்ணெயை மிதவைத் தடுப்பு போட்டு ஓரளவு வளைக்கலாம். மணலோடு கலந்த ஜவ்வரிசியை என்ன செய்வது? சல்லடை வைத்துச் சலிக்க வேண்டியதுதான். அதைத்தான் செய்தார்கள்.

இதற்கு முன்பே இலங்கை இந்தப் பாடத்தைப் படித்திருந்தது. 2021-ல் கொழும்புக்கு அருகே எக்ஸ்பிரஸ் பேர்ல் கப்பல் தீப்பிடித்து மூழ்கியபோது இதே குருணைகள் மேற்குக் கரையெங்கும் கொட்டின. அந்தக் கப்பலில் நைட்ரிக் அமிலக் கசிவு முன்கூட்டியே தெரிந்திருந்தது. கசியும் கன்டெய்னரை இறக்கி வைக்க அதற்கு முன் போன இரண்டு துறைமுகங்கள் ஒத்துக்கொள்ளவில்லை. அதில் ஒன்று நம்ம குஜராத்தின் ஹசீரா. ஆபத்தில் இருக்கும் கப்பலை எந்தத் துறைமுகம் உள்ளே விடணும் என்பதற்குக் கறாரான சர்வதேசச் சட்டம் இன்னும் இல்லை. "வேண்டாம், அடுத்த ஊருக்குப் போ" என்று சொல்வது எல்லோருக்கும் வசதி, கடைசி ஊரைத் தவிர.

சரி, கடலில் ரூல்ஸ் இருக்கா?

இருக்கு. 1972-ல் உருவாகி 1977-ல் அமலுக்கு வந்த சர்வதேச மோதல் தடுப்பு விதிகள். இரண்டு கப்பல் நேருக்கு நேர் வந்தால் இரண்டுமே வலதுபக்கம் திருப்பணும். குறுக்கே வந்தால், எந்தக் கப்பலுக்கு மற்றது வலதுபக்கம் தெரிகிறதோ அது வழிவிடணும். ஏறக்குறைய நம்ம ஊர் ரவுண்டானா லாஜிக்தான். ஒரு வித்தியாசம், இங்கே பிரேக் கிடையாது. முழு வேகத்தில் வரும் பெரிய கப்பல் நிற்க சில கிலோமீட்டர் பிடிக்கும்.

நெரிசலான இடங்களில் கடலுக்கும் 'லேன்' உண்டு. போற கப்பலுக்கு ஒரு பாதை, வர்ற கப்பலுக்கு ஒரு பாதை, நடுவில் மீடியன் மாதிரி ஒரு பிரிப்புப் பகுதி. இங்கிலாந்துக்கும் பிரான்ஸுக்கும் நடுவே டோவர் நீரிணையில் 1967-ல் இதைத் தொடங்கினார்கள். ஆனால் கட்டாயமில்லை. 1971 ஜனவரியில் டெக்சகோ கரீபியன் என்ற டேங்கர் அங்கே இன்னொரு கப்பலுடன் மோதி மூழ்கியது. மறுநாளே அந்தச் சிதைவில் பிராண்டன்பர்க் என்ற கப்பல் இடித்து மூழ்கியது. அடுத்த மாதம் எச்சரிக்கை மிதவைகளையும் தாண்டி வந்து நிக்கி என்ற மூன்றாவது கப்பலும் அங்கேயே போனது. மூன்றிலும் சேர்த்து சுமார் 50 பேர் பலி. அதன் பிறகுதான் லேன் கட்டாயமானது.

நமக்குப் பக்கத்தில் இலங்கையின் தென்கோடியான தேவேந்திரமுனைக்கு அப்பால் இப்படி ஒரு லேன் இருக்கிறது. சூயஸ், வளைகுடா பக்கமிருந்து சிங்கப்பூர் போகும் கப்பல்களின் பெருவழி அது. அந்தப் பெருவழியிலிருந்து சுமார் 10 கடல் மைலில் விழிஞ்ஞம். 2025 மே 2-ல் பிரதமர் முறைப்படி திறந்துவைத்த துறைமுகம். பெரிய கப்பல் அங்கே சரக்கை இறக்கும். எல்சா மாதிரி சின்ன ஃபீடர் கப்பல்கள் அதை மற்ற துறைமுகங்களுக்கு, கரையோரமாகவே எடுத்துப் போகும். துறைமுகம் வளர வளர, கரையோரப் போக்குவரத்தும் கூடும்.

கன்ட்ரோல் ரூமில் யார்?

ஏர்போர்ட்டில் இருப்பது போல ஒரு கட்டுப்பாட்டு மையம் கடலிலும் உண்டு. வெசல் டிராஃபிக் சர்வீஸ், சுருக்கமாக விடிஎஸ். ரேடார், விஎச்எஃப் ரேடியோ, ஏஐஎஸ் மூன்றையும் வைத்து, "உங்கள் முன்னால் இப்படியொரு கப்பல், வேகத்தைக் குறையுங்கள்" என்று சொல்வார்கள். ஆனால் விமானக் கட்டுப்பாடு போல முழு அதிகாரம் இல்லை. கப்பலைத் திருப்புவது கடைசிவரை கேப்டன் முடிவுதான். இந்த மையங்களும் துறைமுக வாசல்களிலும், குஜராத்தின் கட்ச், காம்பே வளைகுடா போன்ற இடங்களிலும்தான். நடுக்கடலில் யாரும் கிடையாது.

துறைமுக வாசலிலேயே மோதல் நடக்காதா என்றால், நடந்திருக்கிறது. 2017 ஜனவரி 28 அதிகாலை, எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே பிடபிள்யூ மேப்பிள், டான் காஞ்சிபுரம் என்ற இரண்டு கப்பல்கள் மோதின. ஒன்று எல்பிஜியை இறக்கிவிட்டு வெளியே வந்துகொண்டிருந்தது, மற்றது எண்ணெயோடு உள்ளே வந்துகொண்டிருந்தது. முதலில் "கசிவு இல்லை" என்றார்கள். பிறகு இளைஞர்கள் எண்ணூர் பாறைகளில் நின்று பிளாஸ்டிக் வாளியில் எண்ணெயை அள்ளிய படத்தை நாடே பார்த்தது.

ஏஐஎஸ் என்பது கப்பலின் 'லைவ் லொகேஷன்'. பெயர், வேகம், திசை எல்லாவற்றையும் சில நொடிக்கொரு முறை ஒலிபரப்பும். சர்வதேசப் பயணம் போகும் 300 டன்னேஜுக்கு மேற்பட்ட கப்பல்களுக்குக் கட்டாயம். இந்தியாவில் 74 கலங்கரை விளக்கங்களில் இதற்கான ரிசீவர்கள் இருக்கின்றன. மரைன் டிராஃபிக் மாதிரி ஒரு ஆப்பை உங்கள் போனில் திறந்து, கொல்லத்துக்கு மேற்கே ஸூம் செய்து பாருங்கள். வரிசை வரிசையாக அம்புக்குறிகள். அந்த ஸ்கிரீனில் இல்லாதது ஒன்றுதான்: அதே கடலில் இருக்கும் ஏராளமான மீன்பிடிப் படகுகள்.

போன் என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. 2020 ஜூலையில் மொரிஷியஸ் பவளப்பாறையில் ஏறிய வகாஷியோ கப்பல், போட்ட ரூட்டை விட்டுக் கரையை ஒட்டி வந்தது மொபைல் சிக்னலுக்காக. சுமார் 1,000 டன் எண்ணெய் கடலில். சிக்னல் தேடி மொட்டைமாடிக்கு ஏறுகிற நாம் சிரிப்பதற்கு முன் யோசிக்கணும்.

2020-ல் வரைந்த கோடு

நம்ம தென்மேற்குக் கடலின் உண்மையான பிரச்சினை கப்பலும் கப்பலும் மோதுவது இல்லை. கப்பலும் படகும் மோதுவது. 2012 மார்ச் 1-ல் ஆலப்புழைக்கு அப்பால் பிரபு தயா என்ற சரக்குக் கப்பல் படகில் மோதியதாகக் குற்றம்சாட்டப்பட்டது. 5 மீனவர்கள் போனார்கள். கப்பல் நிற்கவில்லை, பிறகு சென்னையில் பிடித்தார்கள்.

இப்படிப் பல விபத்துகளுக்குப் பிறகு, கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம் தென்மேற்குக் கடலில் சரக்குக் கப்பல்களுக்கும் மீன்பிடிப் படகுகளுக்கும் தனித்தனிப் பாதைகளை அறிவித்தது. 2020 ஆகஸ்ட் 1 முதல் அமல். நல்ல முடிவு, தாமதமாக வந்தாலும்.

ஆனால் எட்டே மாதத்தில், 2021 ஏப்ரல் 13 அதிகாலை, மங்களூருக்கு மேற்கே 40 கடல் மைலுக்கும் அப்பால் ஏபிஎல் லே ஹாவ்ரே என்ற சிங்கப்பூர்க் கப்பலும் பேப்பூரிலிருந்து போன ஒரு விசைப்படகும் மோதின. படகில் இருந்த 14 பேரும் தமிழ்நாட்டையும் மேற்கு வங்கத்தையும் சேர்ந்தவர்கள். உயிரோடு மீட்கப்பட்டவர்கள் 2 பேர்.

சார்ட்டில் கோடு இருக்கிறது, ஆனால் மீன் அந்தக் கோட்டைப் பார்த்து நீந்துவதில்லை. குமரி மாவட்டத்தின் தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறைக்காரர்கள் கொச்சியிலிருந்து கிளம்பி நாள்கணக்கில் ஆழ்கடலில் தங்கி மீன் பிடிப்பவர்கள். இரவில் வலையை விட்டுவிட்டுக் கண்ணயரும் நேரம். மறுபக்கம், கன்டெய்னர் அடுக்கிய கப்பலின் மேல்தளத்திலிருந்து பார்த்தால் முன்னால் 500 மீட்டர் வரை கடல் மறைந்திருக்கலாம் என்று சர்வதேச விதியே அனுமதிக்கிறது. அந்த 500 மீட்டருக்குள் ஒரு ஃபைபர் படகு இருந்தால்?

பொதுவிதிப்படி, வலை போட்டிருக்கும் படகுக்குக் கப்பல்தான் வழிவிடணும். சர்வதேச லேனுக்குள் மட்டும் இது மாறும். அங்கே மீன்பிடிப் படகு கப்பலின் பாதையை மறிக்கக் கூடாது. விதி யார் பக்கம் இருந்தாலும், கண்ணுக்கே தெரியாத படகுக்கு யார் வழிவிடுவது? அதனால்தான் படகைத் தெரிய வைப்பது முக்கியம். 2024 ஆகஸ்டில் தொடங்கிய மத்திய அரசின் திட்டம் ₹364 கோடியில் 1 லட்சம் படகுகளுக்கு டிரான்ஸ்பாண்டர் தருகிறது. செயற்கைக்கோள் வழியாகக் கரையோடு பேசலாம், ஆபத்தில் உதவி கேட்கலாம். வரவேற்கலாம். ஆனால் கரைக்குத் தெரிவது வேறு, எதிரே வரும் கப்பலின் ஸ்கிரீனில் தெரிவது வேறு. இரண்டாவதும் நடந்தால்தான் அந்த 2020 கோட்டுக்கு உயிர் வரும்.

எத்தனை மைல் தள்ளி?

எல்சா மோதி மூழ்கவில்லை. சமநிலைக்காக நீர் நிரப்பும் பாலாஸ்ட் டேங்க் அமைப்பில் கோளாறு என்று ஆரம்பக்கட்டத்தில் சொல்லப்பட்டது. 1997-ல் கட்டிய கப்பல். ஆக, யார் எந்தப் பாதையில் போகிறார் என்பதோடு, போகிற வண்டி எஃப்சி ஆன வண்டியா என்பதும் டிராஃபிக் நிர்வாகம்தான்.

அடுத்தது தூரம். மூழ்கிய இடம் தோட்டப்பள்ளியிலிருந்து 14.6 கடல் மைல், அதாவது சுமார் 27 கிலோமீட்டர். கன்டெய்னர் கரைக்கு வர ஒரே நாள் போதுமானதாக இருந்தது. அடுத்த மாதமே, ஜூன் 9-ல், கண்ணூர் அழீக்கல்லுக்கு அப்பால் 44 கடல் மைலில் வான் ஹாய் 503 தீப்பிடித்தது. 22 பேரில் 4 பேரைக் காணவில்லை. அந்த இழப்புக்குத் தூரம் ஆறுதல் இல்லை. ஆனால் எரியும் கப்பலைக் கயிறு கட்டி இன்னும் வெளியே இழுத்துப்போக நேரம் கிடைத்தது. கரையிலிருந்து தள்ளிப் போகும் ஒவ்வொரு மைலும் மீட்புக் குழுவுக்குக் கிடைக்கும் நேரம். கப்பல் கம்பெனிக்கு அதுவே கூடுதல் எரிபொருள் செலவு. இழுபறி அங்கேதான்.

இந்த மைல் கணக்கு கோர்ட்டுக்கும் போனது. கேரள அரசு ₹9,531 கோடி இழப்பீடு கேட்டு உயர் நீதிமன்றம் போக, விபத்து நடந்தது 12 கடல் மைல் எல்லைக்கு வெளியேதானே என்று கம்பெனி தரப்பு வாதிட்டது. அதே குழுமத்தின் இன்னொரு கப்பலை விழிஞ்ஞத்தில் நிறுத்தி வைக்க உத்தரவிட்ட நீதிமன்றம், அதை விடுவிக்க சுமார் ₹1,227 கோடி பிணை கேட்டது. கோட்டுக்கு வெளியே மூழ்கிய கப்பலின் கன்டெய்னர் கோட்டுக்கு உள்ளேதானே வந்து ஒதுங்கியது என்பது கொல்லம் மீனவரின் கேள்வி.

விபத்து நடந்ததும் மூழ்கிய இடத்தைச் சுற்றி 20 கடல் மைலுக்கு மீன்பிடிக்கத் தடை போட்டார்கள். அதோடு மீன் சாப்பிடலாமா என்ற பயமும் பரவியது. இரண்டு வாரத்தில் வழக்கமான டிராலிங் தடைக்காலமும் வந்துவிட்டது. ஜூலை 31 நள்ளிரவு அது முடிந்தபோது, நீண்டகரையிலிருந்தும் சக்திகுளங்கரையிலிருந்தும் விசைப்படகுகள் மொத்தமாகக் கடலுக்குள் இறங்கின. எல்சா இன்னும் கடலுக்கு அடியிலேயே கிடந்தது.