உடல் பருமன்: குற்றம் உண்பவருடையதா?

உடல் பருமன் வசதி படைத்தவரின் நோய் என்று எம்மிடையே பலர் எண்ணுகின்றனர். வயல் இழந்து, காணி இழந்து, நிவாரணத்திலும் நாட்கூலியிலும் வாழும் குடும்பங்களுக்கு இதில் என்ன அக்கறை என்றும் கேட்கின்றனர். ஆனால் உண்மை வேறு. நாடளாவிய சுகாதார ஆய்வுகளின்படி, 2015 இல் வளர்ந்தோரில் பத்துப் பேருக்கு ஏறத்தாழ மூவர் அளவுக்கு மிஞ்சிய நிறையுடன் இருந்தனர். 2021 இல் அது நால்வராகியது. ஆண்களைவிடப் பெண்களே இதில் அதிகம். பருமனைத் தொடர்ந்து நீரிழிவும் உயர் இரத்த அழுத்தமும் வருகின்றன. நாட்கூலியை நம்பி வாழும் வீட்டில் ஒருவருக்குக் காலில் ஆறாப் புண் வந்தால் அடுப்பு எரியாது. ஆகவே இது எமது பிரச்சினையே.

காணியோடு போனவை

விக்டோரியா அணைக்காகப் பழைய தெல்தெனிய நகரும் அதைச் சூழ்ந்த வயல்களும் நீரில் மூழ்கின. 1985 ஏப்ரலில் அணை திறந்து வைக்கப்பட்டது. குடும்பங்களுள் சில அண்மையிலுள்ள மேட்டுக்காணிகளிலும், வேறு பல மகாவலி ‘சி’ வலயத்திலும் குடியேற்றப்பட்டன. பின்னர் போரினாலும் மண்சரிவினாலும் இடம்பெயர்ந்தோர் வேறு. இவர்கள் எல்லோரும் வயலை மட்டும் இழக்கவில்லை. கண்டிப் பகுதி வீட்டுத்தோட்டம் என்பது ஒரு முழு உணவுக் களஞ்சியம். பலா, ஈரப்பலா, தென்னை, வாழை, முருங்கை, மரவள்ளி, வல்லாரை என்று காசில்லாமலே கறிக்கு வழி இருந்தது. அத்தோட்டம் போனபின் உணவு முழுவதும் கடையிலிருந்து வருகிறது.

காரணங்கள் எவை?

1. உழைப்புக் குறைவு. மண்வெட்டி பிடித்துக் கொத்துபவரின் உடல், சும்மா இருப்பவரின் உடலைப்போல் ஏறத்தாழ ஐந்து மடங்கு சக்தியைச் செலவிடுகிறது. வயல் போனதும் அவ்வுழைப்பும் போகிறது. பசி மட்டும் பழைய அளவிலேயே நிற்கிறது.

2. மாவும் சீனியும். உலர் உணவு நிவாரணம் என்றால் அரிசி, கோதுமை மா, பருப்பு, சீனி. கைக்காசுக்கு வயிறு நிறைப்பதும் பாணும் ரொட்டியுமே. கீரையும் மரக்கறியும் மீனும் விலை கூடியவை. மூன்று கரண்டி சீனியிட்டு நாளுக்கு ஐந்து தேநீர் குடிப்பவர் ஏறத்தாழ 60 கிராம் சீனி உட்கொள்கிறார். நாளுக்கு 25 கிராமுக்குள் நிற்பது நல்லது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் ஆலோசனை.

3. பிறப்பிலேயே வரும் பாதிப்பு. தாயின் போசாக்குக் குறைவால் நிறை குறைந்து பிறக்கும் பிள்ளைக்கு, பிற்காலத்தில் நிறை கூடும்போது நீரிழிவு வரும் ஆபத்து அதிகம். மெலிந்த பிள்ளையும் பருத்த தாயும் ஒரே வீட்டில் இருப்பதற்கு வறுமையே பொதுக் காரணமாகலாம்.

அரசின் கொள்கையால் குறைக்க முடியுமா?

ஓரளவுக்கு முடியும். இலங்கையில் 2016 ஆகஸ்டிலிருந்து இனிப்புப் பானப் போத்தல்களில் சீனியின் அளவைக் காட்டச் சிவப்பு, செம்மஞ்சள், பச்சை நிறக் குறிகள் இடப்படுகின்றன. 2017 நவம்பரில் அப்பானங்களிலுள்ள ஒவ்வொரு கிராம் சீனிக்கும் 50 சதம் வரி விதிக்கப்பட்டது. அடுத்த ஆண்டே அவ்வரி குறைக்கப்பட்டது. மெக்சிகோவில் 2014 இல் இத்தகைய வரி வந்தபோது, முதலாண்டில் அப்பானங்களின் கொள்வனவு ஏறத்தாழ 6 வீதம் குறைந்தது. விலை கூடினால் மக்கள் குறைவாக வாங்குவர் என்பதற்கு இது சான்று.

மொரிசியஸ் தீவின் அனுபவம் இன்னொரு பாடம் தருகிறது. அங்கு 1987 இல் மலிவுச் சமையல் எண்ணெயை அரசு மாற்றியது. பாம் எண்ணெய்க்குப் பதிலாகப் பெரும்பகுதி சோயா எண்ணெய் வந்தது. ஐந்து ஆண்டுகளில் மக்களின் இரத்தத்தில் கொலஸ்ட்ரோல் கணிசமாகக் குறைந்தது. ஆனால் அதே காலத்தில் உடல் பருமன் கூடியது. ஒரு பொருளை மாற்றினால் ஒரு கேடு குறையும். வாழ்க்கை முறையால் வரும் பருமனுக்கு அது போதாது.

எமது நிலைமையும் இதுவே. நாம் தேநீரில் இடும் சீனிக்கும் ரொட்டி சுடும் மாவுக்கும் நிறக் குறி கிடையாது. “மரக்கறி உண்ணுங்கள், உடற்பயிற்சி செய்யுங்கள்” என்ற புத்திமதி காணி இல்லாதவருக்கு எவ்வளவு உதவும்? மலையகத் தோட்ட வீட்டுத் திட்டங்களில் ஒரு குடும்பத்துக்கு 7 பேர்ச், பின்னர் 10 பேர்ச் என்றே காணி ஒதுக்கப்பட்டது. வீடு எழுந்தபின் அதில் எவ்வளவு பயிரிடலாம்? நிவாரணப் பொதியில் எதை இடுவது, மீள்குடியேற்றத்தில் எவ்வளவு நிலம் கொடுப்பது என்பவையும் சுகாதாரக் கொள்கையே என்பது எமது கருத்து.

நாம் செய்யக்கூடியவை

● ஒரு கயிற்றை எமது உயரத்துக்கு அளந்து இரண்டாக மடிப்போம். மடித்த கயிறு இடுப்பைச் சுற்றி எட்டாவிட்டால் எச்சரிக்கை தேவை.

● 35 வயதைக் கடந்தோர் அருகிலுள்ள அரச வைத்தியசாலையின் ஆரோக்கிய வாழ்க்கை நிலையத்தில் நிறை, இரத்த அழுத்தம், சீனி ஆகியவற்றை இலவசமாகப் பரிசோதித்துக்கொள்ளலாம்.

● தேநீரில் சீனியை வாரம் அரைக்கரண்டியாகக் குறைத்தால் நாக்கு பழகிவிடும். வளரும் பிள்ளைகளின் சாப்பாட்டைக் குறைக்கவேண்டாம். அவர்களின் இனிப்பை மட்டும் குறைப்போம்.

● பழைய உரப்பைகளில் வல்லாரை, பசளி, மிளகாய் நடலாம். வேலியில் முருங்கைத் தடி ஊன்றலாம்.

● மாதர் சங்கங்களும் கிராம சங்கங்களும் ஒன்றுகூடி, வீட்டுத்தோட்டத்துக்கு நிலமும் நிவாரணத்தில் பயறு, கடலை, கருவாடு போன்றவையும் வேண்டுமெனப் பிரதேச செயலாளரிடம் எழுத்துமூலம் கேட்கலாம்.

கலந்துரையாடலுக்கு

1. இடம்பெயருமுன் எமது தோட்டத்திலிருந்து கிடைத்த உணவுகள் எவை? இன்று அவற்றில் எவற்றைக் காசு கொடுத்து வாங்குகிறோம்?

2. எமது வீட்டில் ஒரு மாதத்துக்கு எத்தனை கிலோ சீனி முடிகிறது?

3. எமது குடியிருப்பில் பொதுவாகப் பயிரிடக்கூடிய வெற்றுநிலம் உண்டா? அதை யாரிடம் கேட்பது?