அன்றிரவு எங்கே இருந்தீர்கள்?

நினைவின் கணக்கு – 9

1991 மே 21. நாற்பத்தைந்து வயதைத் தாண்டிய தமிழர் யாரிடமும் இந்தத் தேதியைச் சொல்லிப் பாருங்கள். முன்னாள் பிரதமர் ராஜீவ் காந்தி கொலையைப் பற்றிப் பேசுவதற்கு முன்பே, அன்று தாம் எங்கே இருந்தோம் என்பதைத்தான் சொல்வார்.

எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற கண்டக்டர் ஒருவர் இருக்கிறார். அன்றிரவு திண்டிவனத்தைத் தாண்டியதும் பஸ்ஸை ஓரங்கட்டிவிட்டார்களாம். விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு, பணப்பையை மடியில் வைத்துக்கொண்டு விடியும்வரை உட்கார்ந்திருந்தார். கைக்குழந்தை ஒன்று பாலுக்கு அழ, பூட்டியிருந்த டீக்கடையைத் தட்டி எழுப்பிப் பால் வாங்கி வந்திருக்கிறார். “அந்தக் கடைக்காரர் காசு வாங்கலீங்க” என்று சொல்லும்போது இன்றும் அவர் குரல் இறங்குகிறது.

அப்போது கைப்பேசி இல்லை, தனியார் செய்தித் தொலைக்காட்சி இல்லை. ஸ்ரீபெரும்புதூரில் இரவு 10.20 மணியளவில் குண்டு வெடித்தது. பலருக்கு மறுநாள் காலையில்தான் விஷயமே தெரிந்தது. ஆகவே ஒவ்வொருவர் நினைவிலும் சேதி சொன்ன ஒரு முகம் இருக்கிறது: பால்காரர், பக்கத்து வீட்டு அக்கா, ரேடியோவின் காதைத் திருகிக்கொண்டிருந்த அப்பா.

இப்படிப் படம் பிடித்தாற்போல் பதியும் நினைவை 1977-இல் ரோஜர் பிரவுன், ஜேம்ஸ் குலிக் என்ற உளவியலாளர்கள் ‘ஃபிளாஷ்பல்ப் நினைவு’ என்று அழைத்தார்கள். ஆனால், நினைவு அவ்வளவு நேர்மையான கேமரா அல்ல. 1986 ஜனவரி 28-இல் சேலஞ்சர் விண்கலம் வெடித்துச் சிதறி, அதிலிருந்த ஏழு பேரும் மாண்டார்கள். மறுநாள் காலையிலேயே உளவியலாளர் உல்ரிக் நைசர் தம் மாணவர்களிடம், சேதியை எங்கே, யார் சொல்லிக் கேட்டீர்கள் என்று எழுதி வாங்கிக்கொண்டார். இரண்டரை ஆண்டுகள் கழித்து அவர்களில் 44 பேரிடம் அதே கேள்விகளைக் கேட்டார். 11 பேர் சொன்ன முக்கிய விவரங்களில் ஒன்றுகூடத் தாங்கள் முன்பு எழுதியதோடு பொருந்தவில்லை. ஆனாலும் பலர் தங்கள் நினைவே சரி என்று உறுதியாக நம்பினார்கள். தங்கள் கையெழுத்தையே காட்டிய பிறகும் பழைய நினைவு திரும்பவில்லை.

ஸ்ரீபெரும்புதூரில் உண்மையான கேமராவும் ஒன்று இருந்தது. புகைப்படக்காரர் ஹரிபாபு அந்த வெடிப்பில் இறந்துபோனார். அவருடைய கேமரா தப்பியது. சந்தன மாலையோடு நின்ற விடுதலைப் புலிகளின் மனித வெடிகுண்டு தனுவையும், வெள்ளைக் குர்தாவில் நின்று சதியை நடத்திய சிவராசனையும் காட்டிக்கொடுத்தது அதிலிருந்த பிலிம்தான். புலனாய்வுக்கு அது போதும். அந்த இரவு நம் மக்களுக்கு என்னவாக இருந்தது என்பதை எந்தப் பிலிமும் சொல்லாது. அதற்கு மனிதர்களைத்தான் கேட்க வேண்டும்.

பிரவுனும் குலிக்கும் கண்ட இன்னொன்று என்னை விட்டு அகலுவதே இல்லை. மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட சேதி வந்த கணத்தை, அவர்கள் கேட்ட 40 கறுப்பினத்தவரில் 30 பேர் துல்லியமாகச் சொன்னார்கள். வெள்ளையரிலும் 40 பேரைக் கேட்டார்கள். 13 பேரால்தான் அப்படிச் சொல்ல முடிந்தது. ஒரே நாடு, ஒரே சாவு. யார் அதைத் தன் வீட்டுச் சாவாக எடுத்துக்கொண்டார்களோ, அவர்கள் மனத்தில் அது ஆழமாகத் தங்கியது.

நம் மே 21-க்கும் இது பொருந்தும். காங்கிரஸ் தொண்டருக்கு அது தலைவனை இழந்த இரவு. பாதுகாப்புப் பணியில் இறந்த காவலர்களின் பிள்ளைகளுக்கு அது அப்பா வீடு திரும்பாத இரவு. புலிகளுக்கு வேண்டியவர்கள் என்ற பழியில் தாக்குதலுக்கு ஆளான தி.மு.க. குடும்பங்களுக்குக் கல்லும் தீயும் வாசலுக்கு வந்த இரவு. செய்யாத குற்றத்துக்கு இனி எந்நாளும் சந்தேகப் பார்வையைச் சுமக்கப்போகிறோம் என்று ஈழத்து அகதிகள் முகாம்களில் நடுங்கிய இரவும் அதுதான். இவற்றில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைத் தள்ளிவிட்டால், அந்த இரவின் வரலாறு நம் கையில் இல்லை என்றே பொருள்.

ஆகவே இந்த வாரம் வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். வீட்டுப் பெரியவர்களிடம் அந்த இரவைப் பற்றிக் கேளுங்கள். அவர்கள் சொல்வதைச் சொன்னபடியே, தேதியிட்டு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். ஒரு தகவல் இன்னொன்றோடு முரண்பட்டால் திருத்தாதீர்கள், இரண்டையும் எழுதுங்கள். பிறகு, உங்களுக்கு எதிர் முகாம் என்று நினைக்கும் ஒருவரிடம் போய் அதே கேள்வியைக் கேளுங்கள். நாட்டின் துக்கம் என்று நாம் சொல்வது உண்மையாவது, அவருடைய பதிலையும் பொறுமையாகக் கேட்டு முடிக்கும்போதுதான்.

(தொடரும்)