முகப்பரு மருந்தும் மார்க்க நோக்கும்

முகப்பருவுக்கு வீரியமிக்க மருந்துண்பது அழகுப் பித்தா, சிகிச்சையா என்னும் வினா நம்மிடம் அடிக்கடி எழுப்பப்படுகிறது. அறியாமைக் காலத்துக் குலாப் போரில் மூக்கை இழந்த அர்ஃபஜா (ரலி) அவர்கள் பொருத்தியிருந்த வெள்ளி மூக்கு நாற்றமெடுத்தபோது, ஆண்களுக்கு விலக்கப்பட்ட பொன்னாலேயே மூக்கு அமைத்துக்கொள்ள நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பணித்தார்கள். குறையை நீக்குவது இறைப்படைப்பை மாற்றுவதாகாது என்பதற்கு அறிஞர்கள் இதனை ஆதாரமாகக் கொள்வர். ஆறாத கட்டிகளும் தழும்புகளும் நோயே.

1982இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஐசோட்ரெடினாயின், வைட்டமின் ஏ வழிவந்தது. தோலின் எண்ணெய்ச் சுரப்பிகளைச் சுருக்கிவிடும். பிற மருந்துகள் பலிக்காத கடும் பருவுக்கே உரியது. உதடு வெடிக்கும், கல்லீரலையும் இரத்தக் கொழுப்பையும் சோதிக்க வேண்டும், மனச்சோர்வு தென்பட்டால் உடனே மருத்துவரிடம் கூற வேண்டும். கூடலூரை அடுத்த ஸ்ரீமதுரையிலிருந்து உதகைக்கு ஏறத்தாழ 50 கிலோமீட்டர் மலைப்பாதை. அதற்கஞ்சிச் சோதனையைத் தள்ளிப்போட்டு மருந்தை மட்டும் தொடர்வது தகாது.

மருந்துறையின் ஜெலட்டின் பன்றியினதாயின்? உருமாற்றத்தால் (இஸ்திஹாலா) அது தூய்மையடைகிறது என 1995இல் குவைத்தில் கூடிய மருத்துவ ஃபிக்ஹுக் கருத்தரங்கு கூறிற்று. ஏற்காத அறிஞரும் உளர்.

நமது பெருங்கவலை நிகாஹ் தேதியைப் பற்றியது. மணமேடைக்குள் முகம் தெளியட்டும் என இதனைத் தொடங்குவோர் உண்டு. கருவுற்றவள் உட்கொண்டால் சிசுவின் மூளையும் இதயமும் செவியும் ஊனமுறக்கூடும். சிகிச்சை பெரும்பாலும் நான்கு முதல் ஆறு மாதங்கள் நீளும். நிறுத்திய பின்னும் ஒரு மாதம் கருத்தரித்தல் ஆகாது. இதனை மணமகனிடம் மறைக்கலாகாது. நபித்தோழர்கள் அஸ்ல் செய்துவந்தமையால் தற்காலிகக் கருத்தடைக்கு மார்க்கத்தில் இடமுண்டு. ஆயினும் அஸ்ல் மட்டும் இங்குப் போதிய காப்பன்று. மருத்துவர் கூறும் முறையையே கைக்கொள்ள வேண்டும்.