உங்களுக்குத் தெரியுமா? கோடை விடுமுறையில்தான் குழந்தைகளிடம் உடல் பருமன் கூடுகிறது!

பள்ளியில் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பதால்தான் பிள்ளைகள் பருமனாகிறார்கள் என்பது பொதுவான எண்ணம். அமெரிக்காவில் கிடைத்த சான்று இதற்கு நேர்மாறானது. 2010-ல் மழலையர் வகுப்பில் சேர்ந்த சுமார் 18,000 குழந்தைகளை இரண்டாம் வகுப்பு முடியும்வரை கவனித்து, 2016-ல் ஆய்வாளர்கள் முடிவை வெளியிட்டார்கள். அந்தக் காலத்தில் உடல் பருமன் உள்ள குழந்தைகளின் அளவு 8.9 சதவீதத்திலிருந்து 11.5 சதவீதமாக உயர்ந்திருந்தது. அந்த உயர்வு முழுவதும் கோடை விடுமுறைகளில் நேர்ந்தது, பள்ளி நாட்களில் அல்ல.

காரணத்தை ஊகிப்பது கடினமல்ல. பள்ளி நாளுக்கு ஓர் ஒழுங்கு உண்டு: நேரத்துக்கு எழுவது, நடப்பது, இடைவேளையில் ஓடுவது, வேளைக்கு உண்பது. விடுமுறையில் அது குலைந்ததும் தூக்கம் தள்ளிப்போகிறது, நொறுக்குத்தீனி பெருகுகிறது, கைப்பேசி நேரம் நீள்கிறது. உணவும் காரணம்தானே என்று கேட்டால், ஆம். ஆனால் சும்மா உட்கார்ந்திருக்கும்போதுதான் கொறிப்பதும் கூடுகிறது. விடுமுறை ஓய்வுக்குத்தானே என்பதும் நியாயமே. ஆனால் மனதுக்கு ஓய்வு தர விளையாட்டைவிட நல்ல வழி ஏது? வெயிலுக்கு அஞ்சினால் காலையும் மாலையும் இருக்கின்றன. வீட்டுக்குள்ளேயே கயிறு தாண்டலாம், ஆடலாம். 5 முதல் 17 வயதுவரை நாளுக்குச் சராசரியாக 60 நிமிடம் உடலியக்கம் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பெற்றோரே, விடுமுறைக்கும் ஒரு விளையாட்டு நேரம் குறித்துவிடுங்கள்.