லைட் அடித்தால் போகவா, நிற்கவா?

கிரான் சந்திக்குக் கிட்ட நடந்த ஒரு விபத்திலிருந்து தொடங்குகிறோம். 2007ஆம் ஆண்டு இடம்பெயர்ந்து வந்து, பின்னர் ஊர் திரும்ப வழியில்லாமல் பிரதான வீதியோரத்தில் தங்கை வீட்டு வளவிலேயே குடிசை போட்டுக்கொண்ட விவசாயி ஒருவர். வெள்ளாமை வெட்டுக் காலம். மாலைக் கருக்கலில் சைக்கிளில் ஒரு மூடை நெல்லை வைத்துத் தள்ளிக்கொண்டு வீதியைக் கடக்க நின்றார். வாழைச்சேனைப் பக்கமிருந்து வந்த லொறி இரண்டு தரம் லைட்டை அடித்தது. இவர் இறங்கினார். கால் முறிந்தது. மீதி வெட்டை மனைவியும் மூத்த மகளும் கூலிக்கு ஆள் பிடித்து முடித்தார்கள். அந்தக் கூலியோடு அந்தப் போகத்தின் வரும்படியும் போயிற்று.

ஆஸ்பத்திரியில் நாம் பார்க்கப் போனபோது அவர் கேட்டது இதுதான்: "போகச் சொல்லித்தானே பாதர் லைட் அடிச்சவர்?" லொறிச் சாரதியையும் சந்தித்தோம். அவரும் குடித்துவிட்டு ஓட்டியவர் அல்லர். "நான் வாறன், நில்லுங்க எண்டுதானே பாதர் லைட் அடிச்ச நான்" என்றார். இருவரும் பொய் சொல்லவில்லை. ஒரே வெளிச்சத்தை ஒருவர் ஒரு விதமாகச் சொன்னார், மற்றவர் வேறு விதமாகக் கேட்டார்.

சாரதிகள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் இந்தப் பாஷையை எந்தப் பள்ளிக்கூடத்திலும் நமக்குப் படிப்பிக்கவில்லை. வயலோடும் மாட்டுப் பட்டியோடும் வாழ்ந்த குடும்பங்கள் யுத்தத்தாலும், பின்னர் மாரி வெள்ளத்தாலும் பெரிய வீதியின் ஓரத்துக்கு வந்து சேர்ந்திருக்கின்றன. வாகனம் ஓட்டாதவர்களும் அதை விளங்கிக்கொள்ளவேண்டிய தேவை அதனால்தான் வருகிறது.

லைட் அடிப்பதற்கு ஆதியில் ஒரே பொருள்தான் இருந்தது: "நான் இங்கே இருக்கிறேன், என்னைக் கவனி." பிரித்தானியாவின் வீதி ஒழுங்கு நூல் இன்றும் இந்த ஒரு பொருளை மட்டுமே ஏற்றுக்கொள்கிறது. ஆனால் அந்த நாட்டிலேயே மக்கள், "நீங்கள் போங்கள்" என்று மரியாதை காட்டவும் லைட் அடிக்கிறார்கள். நம் நாட்டு வீதிகளில் பெரும்பாலும் நேர்மாறு. "நான் நிறுத்தமாட்டேன், நீ நில்" என்பதுதான் கருத்து.

ஒடுங்கிய பாலங்களில் இந்த வழக்கம் நன்றாக ஊறிப்போயிற்று. கல்லடியில் 1924இல் கட்டப்பட்ட பாலத்தில் எதிரெதிரே இரண்டு வாகனம் போக இடமில்லை. 2013ஆம் ஆண்டு மார்ச் மாதம் பக்கத்தில் புதிய பாலம் திறக்கப்படும்வரை மட்டக்களப்பார் அதில்தான் போய்வந்தார்கள். ஓட்டமாவடியிலும் மன்னம்பிட்டியிலும் ரயிலும் வாகனமும் ஒரே பாலத்தைப் பங்குபோட்ட காலம் இருந்தது. இப்படியான ஒற்றைப் பாலங்களில் தூரத்திலேயே முதலில் லைட் அடித்தவர் முதலில் ஏறுவார் என்பது சாரதிகளின் எழுதாத ஒப்பந்தம். வேகம் குறைவாக இருந்தவரை அதனால் பெரிய கெடுதி இல்லை.

யுத்த காலத்தில் வெளிச்சத்துக்கு வேறொரு இலக்கணம் இருந்ததை நம்மில் பலர் மறந்திருக்க மாட்டோம். இரவில் காவலரணை நெருங்கினால் முன்விளக்கை அணைத்து, வாகனத்தின் உள்விளக்கைப் போடவேண்டும். உள்ளே இருப்பவர் யாரென்று வெளியே நிற்பவருக்குத் தெரியவேண்டும். அதை மறந்த சாரதியின் பக்கத்தில் இருந்து பயணம் செய்தவர்களுக்குத்தான் அந்தச் சில விநாடிகளின் நீளம் தெரியும்.

இன்று மட்டக்களப்பு – திருகோணமலை வீதி கார்ப்பெட் போட்ட வீதி. மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் வரும் வாகனம் ஒரு விநாடியில் ஏறக்குறைய 17 மீற்றர் ஓடிவிடும். சாரதி கண்டு, யோசித்து, பிறேக்கை மிதிக்க ஒன்றரை விநாடி என்று வைத்தால், பிறேக் பிடிக்கத் தொடங்கு முன்பே 25 மீற்றர் போய்விட்டது. சுமை ஏற்றிய லொறி நிற்பதற்கு அதற்கு மேலும் நெடுந்தூரம் வேண்டும். ஆகவே லைட் அடித்தபடி ஒரு வாகனம் நம்மை நோக்கி வந்தால், அது வருகிறது என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அது நின்றதைக் கண்ணால் கண்ட பிறகே கடக்கவேண்டும். அப்படி ஒன்று நின்று வழி விட்டாலும், அதன் மறைவில் வேகமாக முந்திக்கொண்டு வரும் மோட்டார் சைக்கிளைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

எதிரே வரும் வாகனம் வேறு காரணங்களுக்காகவும் லைட் அடிக்கும். முன்னால் விபத்து, வீதியில் மாடு படுத்திருக்கிறது, உங்கள் லைட் கண்ணைக் கூசுகிறது. புனானை, வெலிக்கந்தைப் பக்கமானால் யானை நிற்கிறது. பல வேளைகளில், "முன்னால் பொலிஸ் நிற்கிறது" என்பதே செய்தி. இந்தக் கடைசி உபகாரத்தை நாம் பாராட்டுவதற்கில்லை. தலைக்கவசம் போடாத அயலவரோடு சேர்ந்து, வெறியில் ஓட்டுகிறவரும் அதனால் தப்பிவிடுகிறார். காரணம் எதுவானாலும் மோட்டார் சைக்கிளில் போகிற நம் பிள்ளைகள் செய்யவேண்டியது ஒன்றுதான்: வேகத்தைக் குறைப்பது.

லொறியின் பின்னால் போகிறவர்களுக்கு இன்னொரு குழப்பம் உண்டு. லொறி இடப்பக்கச் சிக்னலைப் போட்டால், "முன்னால் வழி இருக்கிறது, முந்திப் போ" என்றும், வலப்பக்கச் சிக்னலைப் போட்டால், "எதிரே வாகனம் வருகிறது, முந்தாதே" என்றும் நம் சாரதிகள் பொருள் கொள்கிறார்கள். இந்தியாவில் பல இடங்களில் வலப்பக்கச் சிக்னலே முந்திப் போவதற்கான சைகை. அங்கே அகதியாக இருந்து வாகனம் ஓட்டப் பழகி வந்தவர்கள் இதைக் குறிப்பாகக் கவனிக்கவேண்டும். அதைவிட, அந்த லொறி உண்மையாகவே வலப்பக்கம் திரும்பப் போவதாகவும் இருக்கலாம். முன்னால் போகிறவரின் கண்ணை நம்பி முந்துவது அடுத்தவரின் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசிப்பதைப் போன்றது.

இனி நம் பக்கம். நம் வாகனங்கள் பிறருக்கு என்ன சொல்கின்றன? முந்திய காலத்தில் மாட்டு வண்டியின் அடியில் ஓர் அரிக்கன் லாம்பு தொங்கும். வண்டிக்காரர் தூங்கிப்போனாலும் அந்த லாம்பு அவருக்காகப் பேசியது. இன்று சூடடித்த நெல்லை ஏற்றிவரும் உழவு இயந்திரப் பெட்டிகளிலும் லேண்ட்மாஸ்டர்களிலும் பின்னால் ஒரு சிவப்புப் பொட்டுக்கூட இல்லாதவை எத்தனை! தாழ்த்திய முன்விளக்கில் சாரதிக்கு ஏறக்குறைய 40 மீற்றர்தான் தெளிவாகத் தெரியும். 60 கிலோமீற்றர் வேகத்தில் அது இரண்டரை விநாடிக்கும் குறைவு. சேறு பூசிய பெட்டி கருக்கலில் அந்த நேரத்துக்குள் கண்ணில் படாது.

சைக்கிள் கடையில் வாங்கக்கூடிய ஒளிதெறிக்கும் சிவப்புத் தகடு இரண்டைப் பெட்டியின் பின்புற இரு மூலைகளிலும் பொருத்துங்கள். ஒன்று மட்டும் பொருத்தினால் சைக்கிள் போகிறது என்று நினைத்து நெருங்கிவிடுவார்கள். தகட்டைச் சாக்கும் வைக்கோலும் மூடாமல் பாருங்கள். உடனே வாங்க முடியாதவர்கள் வெள்ளை உரப்பையை விரித்துக் கட்டலாம். அது தகட்டுக்கு ஈடாகாது, ஆனால் வெறும் சேற்றுப் பலகையைவிட மேல். பெட்டியில் இருப்பவர் டோர்ச் லைட் பிடிப்பதானால் வீதியை நோக்கிக் கீழே பிடிக்கவேண்டும், வருகிறவரின் கண்ணுக்கு அடிக்கக் கூடாது. சிக்னல் லைட் இல்லாத இயந்திரத்தில் வலப்பக்கம் திரும்புமுன் வலக்கையை நேராக வெளியே நீட்டவேண்டும். வேகம் குறைப்பதானால் உள்ளங்கை கீழே பார்க்கக் கையை மேலும் கீழும் அசைக்கவேண்டும். திரும்பும்போது அல்ல, திரும்புவதற்கு நன்றாக முன்னரே.

கடைசியாக, குழையும் கல்லும். வாகனம் பழுதாகி நின்றால் குழை முறித்து வீதியில் போடுவது நல்ல வழக்கம். எந்த மொழி பேசும் சாரதிக்கும் அது விளங்கும். வாகனத்துக்குக் கிட்டவே போடாமல், முப்பது நாற்பது கவடு பின்னால் போடுங்கள். கார்ப்பெட் வீதியில் நெல் காயவிடுகிறவர்கள் ஓரத்தில் கல் அடுக்குகிறார்கள். பகலில் அந்தக் கல்லும் ஒரு சைகைதான். பின்னேரம் நெல்லை அள்ளிக்கொண்டு கல்லை விட்டுப் போனால், இரவில் அது யாருக்கும் எதையும் சொல்லாது. மோட்டார் சைக்கிளில் வருகிறவர் அதில் மோதிய பிறகே அங்கு கல் இருந்ததை அறிவார். சாக்கு நிரப்பக் கூட்டிப்போகும் பிள்ளைகளிடமே கல் பொறுக்கும் வேலையையும் கொடுத்துவிடுங்கள், ஆனால் வெளிச்சம் இருக்கும்போதே.